செங்கல் வைத்த கதவு

ஜனவரி 12, ஞாயிறு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்ட நோட்டுதான். ஆனாலும் சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறுகின்றன, சில கீழே தொங்குகின்றன, திருவிழா நாளில் பாசஞ்சர் வண்டியில் தொற்றிக்கொண்டு வருகிறவர்களைப் போல. "கோணலா இருந்தா என்ன, வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதுங்க ஐயா. திரும்பி வந்ததும் நான் வாசிக்கேன்" என்று சொல்லித்தான் அமலோற்பவம் டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்தார். அவரிடம்தான் நான் எழுதப் படித்தேன். சங்கரன்கோவில் நூலகத்து மாடியில், மாலை வகுப்பு, ஒன்பது மாதம். எனக்கு வயது எழுபத்து நான்கு. இந்தப் பத்தியை எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. முக்கால் மணி நேரமும் சிரித்துக்கொண்டே எழுதினேன்.

பெயர் ஆவுடையப்பன். ரயில்வேயில் கேட்மேன், ஓய்வு. இப்போது ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் என்ற ஊரில் மகன் கோமதிநாயகத்தின் வீட்டில் இருக்கிறேன். மருமகள் செண்பகவல்லி. பேத்தி தாரகைக்கு இரண்டரை வயது. என் மனைவி உலகம்மாள் இரண்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டாள்.

வீடு புதிதாக வாங்கியது. பின்னால் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. நம் வீட்டில் தண்ணீர்த் தொட்டி இருப்பதுபோல இங்கே பலர் வீட்டில் குளம் இருக்கிறதாம். அதைச் சுற்றிக் கம்பி வேலியும் ஒரு கதவும் உண்டு. கை வலிக்கிறது. மீதி பிறகு.

ஜனவரி 15, புதன்

வாரம் ஒரு பக்கம் என்று டீச்சர் சொன்னாலும் இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. வேலியைச் சோதிக்க டெப்ரா என்ற பெண் அதிகாரி வந்தார். வீடு வாங்கித் தொண்ணூறு நாளுக்குள் குளத்து வேலி சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்க வேண்டுமாம். கையில் அளவுகோல், காதில் பென்சில், வெயிலில் சிவந்த முகம். எங்கள் லைன் இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்து இறங்குவது போலவே இருந்தது. நான் என்னை அறியாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நேராக நின்றேன்.

அவர் சொல்லச் சொல்லக் கோமதி எனக்குத் தமிழில் சொன்னான். வேலி 1200 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். கம்பிகளுக்கு நடுவிலும் வேலிக்கு அடியிலும் 100க்கு மேல் இடைவெளி கூடாது, குழந்தை நுழைந்துவிடும். வேலியை ஒட்டி 900க்குள் ஏறி நிற்கத் தோதான எதுவும் இருக்கக் கூடாது. கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். எவ்வளவு திறந்து விட்டாலும் தானாக வந்து மூடித் தாழ் விழ வேண்டும். தாழ் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். மூச்சு நின்றவருக்கு என்ன செய்வது என்று படம் போட்ட பலகை ஒன்று வேண்டும்.

எண்களை அவர் எழுதும்போதே நான் வாசித்துவிட்டேன். எண்கள் எனக்குப் பழைய பழக்கம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வண்டி நம்பரும் நேரமும் தெரியும். எழுத்துதான் தெரியாமல் இருந்தது. கேட் ரிஜிஸ்டரில் நான் சொல்லச் சொல்ல எழுதியது உலகம்மாள். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். முப்பத்தொரு வருடம் ரயில்வேக்கு இது தெரியாது. இப்போது தெரிந்தால் என்ன செய்துவிடுவார்கள்?

கதவு தேறிவிட்டது. இரண்டு விஷயத்தில் நாங்கள் தோற்றோம். ஒன்று, பலகை இல்லை. இன்னொன்று, செண்பகம் வேலி ஓரத்தில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்திருந்த துளசித் தொட்டி. டெப்ரா அதைக் காட்டி ஏதோ சொன்னார். கோமதி சிரித்தான். "துளசி மேல கால் வச்சு ஏறி உள்ள குதிச்சிருமாம் பிள்ள."

"துளசி மேல யாராவது கால் வைப்பாகளா?" என்றாள் செண்பகம்.

"ஏட்டி, உம் மகளுக்குத் துளசின்னு தெரியுமா?"

தொட்டியை நானே தள்ளி வைத்தேன். செங்கல்களையும் எடுத்துச் சுவரோரம் அடுக்கினேன். இரண்டு வாரத்தில் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு டெப்ரா போனார். போகும்போது குளத்துக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நல்ல வேலைக்காரி.

ஜனவரி 19, ஞாயிறு

எங்கள் கேட்டைப் பற்றி எழுதப்போகிறேன்.

சங்கரன்கோவிலுக்குத் தெற்கே இரண்டு கிலோமீட்டர். அப்போது மீட்டர் கேஜ். சின்ன வீடு, ஒரு வேப்பமரம், கருப்பு போன் ஒன்று. ஸ்டேஷனிலிருந்து மணி அடித்தால் கேட்டைச் சாத்திப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். அதன்பின் யார் கேட்டாலும் திறந்ததில்லை. ஒரு தடவை கல்யாணக் கார் வந்து நின்றது. முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம். மாப்பிள்ளையின் மாமா இறங்கி வந்து, "யோவ், வண்டி எங்கயோ வருது. திறந்து விடுமய்யா, தாலி கட்டணும்" என்று கத்தினார். "தாலி கட்டின பிறகு அந்தப் பிள்ள அறுக்கக் கூடாதுல்லா, அதுக்குத்தான் நிக்கேன்" என்றேன். காருக்குள் இருந்த மாப்பிள்ளை சிரித்துவிட்டார். உலகம்மாள் அவருக்கு ஒரு செம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வண்டி வருகிற நேரத்தில் அவள் வாசலில் வந்து நிற்பாள். என்ஜின் போகும்போது புடவையைப் பிடித்துக்கொள்வாள். கடைசிப் பெட்டி போனதும், "சொல்லுங்க" என்பாள், பேனாவை எடுத்து. நான் நேரம் சொல்வேன். அவள் எழுதுவாள். எழுதும்போது நாக்கின் நுனி வெளியே தெரியும். இப்போது கண்ணாடியில் பார்த்தேன், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு முறை என் கேட்டில் வண்டி நின்றது. தண்டவாளத்தில் ஆடு நின்றதால் நான் சிவப்புக் கொடி காட்டினேன். ரிஜிஸ்டரிலும் அப்படியே இருக்கிறது, உலகம்மாளின் கையெழுத்தில்.

இங்கே வெயில் நல்ல காட்டம். நாளை மறுநாள் கூழ் வடகம் போடப்போகிறேன். உலகம்மாள் போடுகிற மாதிரியே, ஜவ்வரிசி கலந்து, பச்சை மிளகாய் அரைத்து. குளத்தைச் சுற்றிய சிமெண்ட் தரைதான் நாள் முழுதும் வெயில் விழுகிற ஒரே இடம். செண்பகம் சம்மதித்துவிட்டாள். அவள் அந்தக் குளத்தில் நீச்சல் பழகுகிறாள். தண்ணீர் என்றாலே பயந்தவள், குழந்தை இருக்கிற வீட்டில் தாய்க்கு நீச்சல் தெரிய வேண்டும் என்று டிசம்பரில் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். போன வாரம் குறுக்காக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விட்டாள். "மாமா, பாத்தீங்களா!" என்று கரையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "நான் 'ஞ' எழுதின அன்னைக்கு இப்படித்தாம்மா கத்தினேன்" என்றேன். இந்த வீட்டில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று எழுத முடியவில்லை. தாரகை நன்றாக இருக்கிறாள்.

ஜனவரி 22, புதன்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு முதல் துணியில் வடகம் பிழிந்துவிட்டு வந்தேன். பத்து மணிக்குத் தாரகை தூங்கினாள். செண்பகம் அரைமணி நேரம் நீந்திவிட்டு வந்தாள். பதினோரு மணி இருக்கும். செண்பகம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். தூங்கிய குழந்தை எப்போது எழுந்ததோ, குளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்திருக்கிறது. பாதி காய்ந்த வடகத்தை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தண்ணீரில் போடுகிறது.

செண்பகம் ஓடிய ஓட்டத்தை நான் பார்த்தேன். வீட்டின் பக்கவாட்டு வழியாக மோர் மிளகாய்த் தட்டோடு அப்போதுதான் வந்துகொண்டிருந்தேன். அவள் குழந்தையை வாரி எடுத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழந்தை, "மீனுக்கு மம்மு" என்றது. குளத்தில் மீன் கிடையாது.

கதவு திறந்திருந்தது. அது எப்படித் திறந்திருந்தது என்று தெரியவில்லை. கதவடியில் செங்கல் ஒன்று கிடந்தது. யார் காலிலாவது இடறும் என்று காலால் தள்ளிச் சுவரோரம் சேர்த்துவிட்டேன். கதவு தானாக மூடித் தாழ் விழுந்தது.

சாயங்காலம் கோமதி வந்தான். செண்பகம் நடந்ததைச் சொன்னாள். "கடைசியா உள்ள போனது யாரு?" என்றான்.

"நான்தான். ஆனா நான் சாத்துனேங்க. க்ளிக்னு சத்தம் கேட்டுச்சு."

"சாத்துன கதவு எப்படித் திறக்கும்? அப்பா, நீங்க அதுக்கப்புறம் போகலைல்லா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்பாகிட்ட கேக்கதே தப்பு. முப்பத்தொரு வருஷம் கேட் பாத்தவரு" என்றான்.

வடகத்தை எல்லாம் வழித்துக் குப்பையில் போட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

கதவு பழுது பார்க்கிற ஆள் வந்தார். கதவை முழுதாகத் திறந்து விட்டார், மூடியது. பாதி திறந்து விட்டார், மூடியது. இரண்டு விரல் அளவு திறந்து விட்டார், அதற்கும் மூடியது. நல்ல ஸ்பிரிங். அவர் கோமதியிடம் சொன்னதைக் கோமதி எனக்குச் சொல்லவில்லை, செண்பகத்திடம் சொன்னான். "கதவுல ஒரு குறையும் இல்லையாம். யாராவது முட்டுக் கொடுத்தாத்தான் திறந்து நிக்குமாம். நீ துண்டு எடுக்க, செருப்பு எடுக்கன்னு எதையாவது வச்சியா?"

"வைக்கலைங்க."

"நல்லா யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். எவ்வளவு நேரம் யோசித்தாள்! கடைசியில், "வச்சேனா என்னன்னு இப்ப எனக்கே தெரியலையே" என்றாள்.

கோமதி கடைக்குப் போய்ச் சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்து கதவில் போட்டான். சாவி அவனிடம். "நீச்சலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றான்.

எனக்கு உடம்பு சரியில்லை. நேரமே படுத்துவிட்டேன்.

ஜனவரி 25, சனி

பூட்டிய கதவைச் செண்பகம் இன்று பதினொரு முறை போய் இழுத்துப் பார்த்தாள். நான் எண்ணினேன். சமைக்கும்போது நடுவில் அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறாள். திரும்பி வந்து கையைப் பார்த்துக்கொள்கிறாள், வேறு யாருடைய கையோ போல. நீச்சல் வகுப்புக்குப் போன் செய்து பெயரை எடுத்துவிடச் சொன்னாள். அவள் பேசிய ஆங்கிலத்தில் 'சாரி' மட்டும் எனக்குப் புரிந்தது. மூன்று முறை சொன்னாள்.

மத்தியானம் எனக்குச் சோறு போட்டுவிட்டு, "மாமா, உங்களுக்கு எப்பவாவது மறந்திருக்கா? கேட்டைச் சாத்த?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"நீங்க பெரிய ஆளு" என்றாள். கேலி இல்லை. உண்மையாகவே சொன்னாள். ரசஞ்சோற்றைக் குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

டீச்சர், 19ஆம் தேதி எழுதியதில் ஒன்று பொய். அன்று தண்டவாளத்தில் ஆடு இல்லை.

கோமதி அப்போது கைக்குழந்தை. உலகம்மாள் கேட் வீட்டு முன்னால் பழைய புடவையை விரித்து வடகம் பிழிந்திருந்தாள். பத்து நாற்பது தென்காசிப் பாசஞ்சர் வருகிறது. நான் வலது கையில் பச்சைக் கொடி காட்டி நிற்கிறேன். இடது கையில் சிவப்புக் கொடி, சுருட்டியபடி. இரண்டு காக்கை வடகத்தில் வந்து இறங்கின. நான் ஒரு வினாடி திரும்பி, "ஏய், ச்சூ!" என்று இடது கையை வீசினேன். கொடி விரிந்துவிட்டது. டிரைவர் பிரேக் போட்டார். எழுநூறு பேர் வந்த வண்டி என் வீட்டு வடகத்துக்காக நின்றது.

டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னய்யா?" என்றார். என் வாயில் வந்தது, "ஆடு."

எல்லாரும் போன பின் உலகம்மாள் பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்ன எழுதட்டும்?"

"ஆடுன்னு எழுது."

எழுதினாள். எழுதிவிட்டு, "கைதான் என்னோடது. பொய் உங்களோடது" என்றாள்.

இதை நினைத்துப் பின்னால் நான் பல முறை தனியாகச் சிரித்திருக்கிறேன். சிரித்து முடித்ததும் பேச்சியின் முகம் வரும். அந்தப் பக்கத்தில் ஆடு வைத்திருந்தவள் பேச்சி ஒருத்திதான். கணவன் இல்லாதவள். ரயில்வே போலீஸ் வந்து அவளுடைய வெள்ளாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைத்தார்கள். "என் ஆடு கட்டுல தான சாமி கிடந்துச்சு" என்று எங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, "ஒருவேள அவுத்துக்கிட்டுப் போயிருக்குமோ" என்றாள். பட்டியிலேயே அந்த ஆடு செத்துப்போயிற்று.

உலகம்மாள் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "ஆடு இல்ல, காக்கான்னு எழுதிக் கொடுங்க. வேல போனாப் போட்டும்" என்றாள்.

"எனக்குத்தான் எழுதத் தெரியாதே" என்றேன்.

அவள் அதன்பின் வடகம் பிழியும்போதெல்லாம் ஒரு பங்கைப் பேச்சிக்குக் கொடுத்துவிடுவாள். வடகத்தால் ஆடு வருமா?

இதை எழுத மூன்று மணி நேரம் ஆயிற்று. எழுதிவிட்டு, கடைசியாக நான் சொன்ன அந்த வார்த்தையை மறுபடி வாசித்தேன். எனக்குத்தான் எழுதத் தெரியாதே. இப்போது எனக்கு எழுதத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை செண்பகம் நீந்திவிட்டு வந்த பிறகு நான் மறுபடி போனேன். இரண்டு கையிலும் வடகத் தட்டு. கதவோ விட்டால் மூடுகிற கதவு. சுவரோரச் செங்கலில் ஒன்றை எடுத்து முட்டுக் கொடுத்தேன். தட்டை வைத்த பின்தான் மோர் மிளகாய் நினைவு வந்தது. ஒரு நிமிடம்தானே என்று செங்கலை எடுக்காமல் பக்கவாட்டு வழியாக வீட்டுக்குள் போனேன்.

முகூர்த்தக் காருக்குத் திறக்காத நான்.

மாலை:

வீடு மாறியபோது வந்த அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டினேன். தாரகையின் கருப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தேன். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பதால் நோட்டில் நான்கு முறை எழுதிப் பார்த்துவிட்டு எழுதினேன்:

கதவுக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது.
ஜனவரி 21 அன்று செங்கல் வைத்தது நான்.
செண்பகம் கதவைச் சாத்தினாள்.
ஆவுடையப்பன், கேட்மேன்.

குளத்துக் கதவுக்குப் பக்கத்தில், வேலிக் கம்பியில் கம்பி போட்டுக் கட்டினேன். கட்டிவிட்டுத் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

செண்பகம் கதவை இழுத்துப் பார்க்க வந்தாள். வாசித்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் மறுபடி வாசித்தாள். என் எழுத்தை வாசிக்க நேரம் ஆகும்.

"அஞ்சு நாளு, மாமா" என்றாள்.

"ஆமாம்மா."

"என் கையை நானே நம்பாம அஞ்சு நாளு. பிள்ளையத் தூக்கவே பயமா இருந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் உக்காந்து ரசஞ்சோறு சாப்பிட்டீங்க."

"ஆமாம்மா."

"ஆமாம்மா, ஆமாம்மான்னா? திட்டக்கூட விட மாட்டேங்கீங்களே!"

"திட்டு."

அவள் திட்டவில்லை. உள்ளே போய்க் கோமதியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அட்டை முன்னால் நிறுத்தினாள். "வாசிங்க. சத்தமா வாசிங்க" என்றாள். அவன் சத்தமாக வாசித்தான். மூன்றாவது வரியில் குரல் இறங்கியது.

"இன்னொரு தடவ" என்றாள் செண்பகம்.

மறுபடி வாசித்தான். பிறகு கையை நீட்டினாள். அவன் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். என்னிடம் அவன் இரவுச் சாப்பாடு வரை பேசவில்லை. சாப்பிடும்போது, "ஏம்ப்பா எங்கிட்ட வாயால சொல்லிருக்கலாம்லா?" என்றான்.

"வாயால பொய் சொல்லிப் பழகிட்டேன். கையால இன்னும் பழகல" என்றேன்.

ஜனவரி 29, புதன்

டெப்ரா வந்தார். கதவைப் பதினைந்து விதமாகத் திறந்து பார்த்தார். துளசி இருந்த இடத்தைக் கோலால் அளந்தார். புதிதாக மாட்டிய படப் பலகையைத் தூர நின்று வாசித்தார். பிறகு என் அட்டையைக் காட்டி என்ன என்று கேட்டார். கோமதி தயங்கினான். செண்பகமே ஆங்கிலத்தில் சொன்னாள். டெப்ரா என்னைப் பார்த்தார். லைன் இன்ஸ்பெக்டர் பார்க்கிற பார்வை. நான் எழுந்து நின்றேன். அவர் தலையை மெல்ல ஆட்டிவிட்டு ஏதோ சொன்னார். செண்பகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குப் பின் இன்றுதான் சிரித்தாள்.

"அட்டையை அங்க வைக்கக் கூடாதாம் மாமா. நீங்க கட்டின கம்பியில பிள்ள கால் வச்சு ஏறிருமாம்!"

உடனே அவிழ்த்தேன். சான்றிதழ் கிடைத்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

அட்டை இப்போது சமையலறைக் கதவில் இருக்கிறது. வேலியிலிருந்து ஒன்பது மீட்டர். செண்பகம்தான் ஒட்டினாள், கண்ணுக்கு நேராக. நேற்று வந்த தமிழ்க் குடும்பம் தோசை சாப்பிட்டுக்கொண்டே அதை வாசித்தார்கள். எனக்குக் காது சூடாயிற்று. இருக்கட்டும்.

இன்று காலை செண்பகம் நீந்தினாள். நான் வேலிக்கு வெளியே நாற்காலியில், வேலியிலிருந்து மூன்று அடிக்கு அப்பால், தாரகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வெளியே வந்ததும் கதவை விட்டாள். தாழ் விழுகிற சத்தம் கேட்டது. "கேட்டுச்சா மாமா?" என்றாள். "கேட்டுச்சும்மா" என்றேன். இதை இப்போது தினமும் கேட்கிறாள். தினமும் சொல்கிறேன்.

டீச்சர், பேச்சி இன்னும் இருக்கிறாள். கீழ ரத வீதியில் மகள் வீட்டில். ரேஷன் கடையில் பார்த்தால், "என்ன கேட்டுக்காரரே, சௌக்கியமா?" என்பாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்த நோட்டில் எழுதப்போவது நாட்குறிப்பு அல்ல, அவளுக்கு ஒரு கடிதம். அந்தத் தாளைக் கிழித்து உங்களுக்கு அனுப்புகிறேன். அவள் அன்று அழுத அந்த வேப்பமரம் இருந்த இடத்தில் வேண்டாம், அவள் வீட்டிலேயே உட்கார்ந்து, நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். முதல் வரியை இன்றே யோசித்து வைத்துவிட்டேன். உன் ஆடு கட்டுலதான் கிடந்துச்சு, பேச்சி. மீதியை எழுத எனக்கு ஒரு வாரம் வேண்டும்.